லேயர் பதினேழு

தந்தி ஆபீஸ் சுவரில் ஆணி அடிக்கக் கூடாது.
கயிறு கட்டக் கூடாது, ஏணி சாத்தக் கூடாது,
நூற்று நாற்பது வருஷத்துக் கட்டடம்,
தும்மினாலே சுண்ணாம்பு உதிரும் என்று
பொதுப்பணித்துறை அனுப்பிய கடிதத்தை
நான்காக மடித்து என் மேசையில் வைத்தார்
ஓய்வுபெற்ற தந்தி ஊழியர் சங்கத்துச் செயலாளர்
ஞானாபரணம் சார்.
"படத்துல அடிக்கலாமில்ல, ஆணி?"

அடிக்கலாம்.
சேரிங் கிராஸ் பின்சந்தில், ஜெராக்ஸ் மிஷினுக்கும்
பாஸ்போர்ட் போட்டோ ஸ்டூலுக்கும் நடுவே
என் கம்ப்யூட்டரில் எதையும் அடிக்கலாம்.
கோபித்துக்கொண்டு வராத தாய்மாமனைக்
கல்யாண ஆல்பத்துக்குள்
சிரித்தபடி நிற்கவைத்த கை இது.

முதலில் துடைத்தேன்.
'சேதமடைந்த கட்டடம், உள்ளே வராதீர்' பலகையைப்
பக்கத்துப் புல்லை நகலெடுத்து மூடினேன்.
கேபிள் ஒயர், தார்ப்பாய், தண்ணீர் பாட்டில்,
புகைபோக்கியில் வாடகையில்லாமல் குடியிருந்த பெரணி.
விரிசல்தான் போகவில்லை.
இங்கே அழித்தால் அங்கே கோடு போட்டது.
அதன்மேல் ஒரு பச்சைக் கொடியை ஓடவிட்டேன்.

பிறகு பகலைக் குறைத்தேன்.
மவுஸைக் கொஞ்சம் இழுத்ததில் மூன்று மணி வெயில்
ஏழு மணி நீலமானது.
ஜன்னல் ஜன்னலாய் மஞ்சள் ஊற்றினேன்.
மாடியில் வலதோர அறைக்குத் தரையே கிடையாதாம்.
இருக்கட்டும்,
அங்கேயும் யாரோ அந்தரத்தில் உட்கார்ந்து
'உடனே புறப்படு' என்று தட்டிக்கொண்டிருக்கட்டும்.

"ஸ்னோ போடும்மா."
ஸ்னோ இங்கே எப்போது சார் பெய்தது?
எனக்குத் தெரிந்தது உறைபனி.
விடியலில் தகரக் கூரைமேல் பொடியுப்பு.
வெயில் ஏறுமுன் அதைக் கழுவிவிட
அப்பா கேரட் பாத்தியில் நீர் தெளிக்கும் சத்தம்.
மத்தியானம் கருகிக் கிடக்கும் தேயிலைக் கொழுந்து.
அதைத்தான் போட்டேன்,
கூரை விளிம்பில் கொஞ்சம், படியில் கொஞ்சம்.
அவர் ஸ்னோ என்றே நினைத்துக்கொண்டார்.

மிச்சம், காட்டெருமை.
நான் படமெடுக்கப் போன மதியம்
போர்ட்டிகோ முன்னால், பாதி உடம்பு நிழலில்,
நாலு காலிலும் வெள்ளைச் சாக்ஸோடு
ஏதோ தந்திக்குக் காத்திருப்பது போல நின்றது.
"இதை எடுத்துடு."
எடுத்தேன்.
படத்தில் பல் விழுந்த மாதிரி இருந்தது.
குடிலில் மாடு உண்டுதானே சார் என்றேன்.
கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், பதில் இல்லை.
திரும்ப வைத்தேன். நட்சத்திரத்தை இடப்பக்கம் நகர்த்தி
அதன் முதுகில் வெளிச்சம் விழவைத்தேன்.
லேயர் பதினேழு. சேவ்.

வாழ்த்து அட்டை நூறு.
வாட்ஸப்பில் எத்தனை என்று ஆண்டவருக்குத் தெரியும்.

இருபத்து நாலாம் தேதி ராத்திரி ஒன்பதே கால்,
வாட்ச்மேன் ஜோகி போன் பண்ணினார்.
"பதினோரு வண்டி நிக்குது. கோயமுத்தூர், மைசூர்.
லைட் எங்கே, ஸ்டார் எங்கேன்னு கேக்கறாங்க.
ஒரு குழந்தை அழுவுது.
நான் என்னன்னு சொல்லட்டும்?"
ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு மேடேறினேன்.
வழியெல்லாம் யோசித்தும் ஒரு பதிலும் வரவில்லை.

கட்டடம் இருந்தது, இருட்டாய், பலகையோடு.
கொடி இல்லாத விரிசல்
நான் நினைத்ததைவிட நீளம்.
வண்டிகள் ஹெட்லைட்டைத் திருப்பித் திருப்பிச்
சுவரில் என் பொய்யைத் தேடின.

யாரோ கையை நீட்டினார்கள்.
ஒவ்வொரு வண்டியாய் அணைந்தது,
ஒரே ஒரு மங்கல் விளக்கு தவிர.
போர்ட்டிகோ முன்னால், அதே இடத்தில்,
அதே பக்கம் பார்த்து.
மூச்சு மட்டும் படத்தில் இல்லாதது;
வெள்ளையாய் வந்து வந்து கலைந்தது.
அழுத குழந்தை
அம்மாவின் போனைப் பார்த்து, இருட்டைப் பார்த்து,
மறுபடி போனைப் பார்த்து
"இருக்கு" என்றது.

டார்ச்சைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
ஜோகி என் காதில் கேட்டார்:
"இது தினம் வர்றதுதானே.
இதைப் பாக்கவா இவ்வளவு பெட்ரோல்?"